அட்டை இல்லாத மாசி

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டுகளில் வாய்க்குப் பேர்போனவள் புவனேஸ்வரி. பழம் எடை போடும் இடத்தில் கணக்கெழுதும் ரைட்டர் முனியப்பன் தராசைத் தன் பக்கம் கொஞ்சம் சாய்த்தால் மற்றப் பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். இவள் முன்னால் போய், "ஏனுங்க ரைட்டரே, தராசுக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சுங்களா, ஒரு பக்கமாவே பாக்குது" என்பாள். ரைட்டரும் சிரித்துவிட்டு நேராகப் பிடிப்பார். தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் தண்ணீர் வராவிட்டாலும், கங்காணி யாரையாவது வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாலும், எல்லோரும் புவனேஸ்வரி வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

அப்படிப்பட்டவளுக்குச் சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் ஒரே ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. வாயாடிகளுக்கு வாய் எப்போது வேண்டுமோ அப்போது இருக்காது போலிருக்கிறது.

அவளுடைய முப்பாட்டன் கீழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி மலையேறி வந்தவர். அன்று கிடைத்த லைன் வீட்டில்தான் குடும்பம் இன்றும் இருக்கிறது; ஓடு போய் ஷீட் வந்ததுதான் மாற்றம். எட்டாவது வரை படித்தாள். அப்புறம் இடுப்பில் கூடை கட்டிக்கொண்டு காப்பிப் பழம் பறிக்கப் போனாள். தலைச்சோலையிலிருந்து வேலைக்கு வந்த சென்றாயனைக் கட்டிக்கொண்டாள். ஒரே மகள், ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

சென்றாயன் மிளகு பறிக்கிறவன். சில்வர் ஓக் மரங்களில் கொடி உச்சிவரை ஏறியிருக்கும். கணுக்களில் கால் வைக்கக் கிளைக்கட்டையை மட்டும் விட்டுச் செதுக்கிய ஒற்றை மூங்கிலைச் சாய்த்து வைத்து, முதுகில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவான். அந்த மூங்கிலில் ஏறுவதற்குக் காலைவிடக் கண் முக்கியம். பேச்சு அவனுக்குக் கம்மி. வீட்டுக்குத் தேவையான பேச்சை இவள் ஒருத்தியே பேசிவிட்டதால் அவனுக்குப் பாக்கி இல்லாமல் போயிற்று என்று பக்கத்து வீட்டு அம்மணி சொல்வாள்.

அவனுக்கு இருந்த ஒரே தொந்தரவு வாய்ப்புண். நாக்கில், கன்னத்தின் உள்பக்கம், உதட்டில் என்று மாற்றி மாற்றி வரும். காரம் ஆகாது. மத்தியானம் எல்லோரும் மிளகாய்த் துவையலோடு சாப்பிடும்போது அவன் மட்டும் தயிரை ஊற்றிப் பிசைந்து மெதுவாக விழுங்குவான். எஸ்டேட்டில் அவனுக்குப் பேரே தயிர்ச்சோறு. புவனேஸ்வரி மணத்தக்காளிக் கீரையைத் தேடிப் பறித்து வந்து சமைத்துப் போடுவாள். சூட்டு உடம்பு என்று சொல்லிக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு மறைவான இடத்தில் ஒரு புண் வந்தது. ஐப்பசி மழையில் சேர்வராயன் மலையில் அட்டைக்குக் கணக்கு கிடையாது. காலில் ஏறினால் புகையிலைச் சாறு போட்டு உதறலாம். தெரியாமல் மேலே ஏறிவிட்டால் எங்கே போய் ஒட்டும் என்று சொல்ல முடியாது. அவன் தயங்கித் தயங்கி, "அட்டை கடிச்சிருச்சாட்டம் இருக்குது புள்ள" என்றான். இவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அட்டைக்கு வேற எடமே கெடைக்கலீங்களா" என்று கேட்டுக்கொண்டே மஞ்சள் உரசிக் கொடுத்தாள். புண் ஆற நாளாயிற்று. தழும்பு விட்டுப் போயிற்று. அட்டைக்கடி அப்படித்தான், அரித்து அரித்துச் சீக்கிரம் ஆறாது. இருவரும் அதை நம்பினார்கள்.

அடுத்த மாசியில் அதே மாதிரி இன்னொரு புண் வந்தது. இந்த முறை அவன் சொல்லவில்லை. அவளாகவே பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது?"

"அட்டைதான் புள்ள."

அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான். மாசி மாதம் மலையில் சருகு காலடியில் அப்பளமாக நொறுங்கும். ஓடை வற்றிப் பாறை தெரியும். அந்த மாதத்தில் ஓர் அட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் உண்டு. மலையில் பிறந்து வளர்ந்தவளிடம் எந்தப் பொய்யை வேண்டுமானாலும் சொல்லலாம், மாசியில் அட்டை கடித்தது என்று சொல்லக் கூடாது.

"மாசியில ஏதுங்க அட்டை?" என்றாள். அவனிடம் பதில் இல்லை. அவனுக்குமே தெரியாதது அவனிடம் எப்படி இருக்கும்? ஆனால் அவளுக்கு அந்த மௌனமே பதிலாகிவிட்டது. தை மாதக் கடைசியில் வியாபாரியின் பிக்கப் வண்டியில் மிளகு மூட்டையோடு சேலம் போனவன், வண்டி ரிப்பேர் என்று மறுநாள்தான் திரும்பியிருந்தான். அதையும் இதையும் சேர்த்தாள். மாசியில் அட்டை பொய் என்றால் ஐப்பசி அட்டையும் பொய். பொம்பளைச் சீக்கு. கொண்டுவருகிறவன் ஆம்பளையாக இருந்தாலும் அதற்குப் பேர் மட்டும் பொம்பளைச் சீக்குதான்.

"கெட்ட சீக்கு புடிச்சுக்கிட்டு வந்து என்ற ஊட்டுல படுக்கறீங்களா" என்று கேட்டாள். அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். "நான் எங்கயும் போகல" என்று ஒருமுறை சொன்னான். அப்புறம் அதைப் பற்றி அவன் வாயைத் திறக்கவே இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிறவளிடம் நாலாவது காலைக் காட்டிப் பயன் இல்லை என்று நினைத்தானோ என்னவோ.

அன்றிலிருந்து அவனுக்குத் தட்டு தனி, டம்ளர் தனி. படுக்கை முன்னறையில் மிளகுச் சாக்குகளுக்குப் பக்கத்தில். துணியை அவள் தொடமாட்டாள். அவனே துவைத்து, பொதுக் கொடியில் போடாமல் கடைசி வீட்டைத் தாண்டி ஒரு காப்பிச் செடிமேல் விரித்துவிட்டு வருவான். லைனில் இருக்கிற கண்களுக்கு அது போதாதா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? யாரிடமும் புவனேஸ்வரி எதுவும் சொல்லவில்லை. அந்தச் செடிமேல் காய்ந்த வேட்டி எல்லோரிடமும் சொல்லிற்று. அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய வெட்கம் முழுவதும் அவன் செய்ததாக அவள் நினைத்ததைப் பற்றியே இருந்தது. தான் செய்வதைப் பற்றி இல்லை.

இப்படியே ஒரு மழையும் ஒரு பனியும் போய் மறுபடி மிளகுப் பருவம் வந்தது. சென்றாயனின் வலது கண் சிவந்தது. வெளிச்சம் பட்டால் கூசி நீர் வழிந்தது. மெட்ராஸ் ஐ என்று எல்லோரும் சொன்னார்கள். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். ஒருநாள் காலை மூங்கில் உச்சியில் நின்று கொத்துக்குக் கை நீட்டினவனுக்கு வலது பக்கம் முழுவதும் சாம்பல் தெளித்த மாதிரி மறைந்துவிட்டது. கொடியைக் கட்டிக்கொண்டு, கணுக்கணுவாகக் காலால் தடவி இறங்கினான். கீழே வந்து உட்கார்ந்து, "இந்தக் கண்ணு தெரியல" என்றான். அப்போதும் அவன் குரல் உயரவில்லை.

அம்மணி ஓடி வந்து பார்த்துவிட்டு, சிவந்தபோதே போயிருக்க வேண்டும், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கே பஸ் பிடித்துச் சேலம் இறங்கினார்கள்.

கண் ஆஸ்பத்திரியில் பார்த்தவர் ஒரு டாக்டரம்மா. பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள இரண்டு மூன்று பயிற்சி டாக்டர்கள், எல்லாம் சின்னப் பெண்கள்; கூடவே புஷ்பலதா என்ற நர்ஸ். டாக்டரம்மா விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். கருவிழியின் அடிப்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது, உள்ளே சீழ் தங்கியிருக்கிறது என்று பயிற்சி டாக்டர்களுக்குக் காட்டினார். பின்பக்கம் ரத்தக்குழாய்கள் வீங்கி அடைத்திருக்கின்றன என்றார். பிறகு சென்றாயனிடம் கேள்விகள் கேட்டார். இருமல் உண்டா, மூட்டு வலி உண்டா.

"வாய்ப்புண் வருமா?"

"எப்பவாச்சுமுங்க. எல்லாத்துக்கும் வர்றதுதானுங்களே."

"மறைவான இடத்துல புண் ஏதாவது வந்திருக்கா? வெட்கப்படாம சொல்லுங்க, கண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கலாம்."

"இல்லீங்க."

எந்தக் கேள்விக்கும் யோசித்துப் பதில் சொல்கிறவன் இதற்கு உடனே சொன்னான். சொல்லிவிட்டு, புவனேஸ்வரி நின்ற பக்கம் ஒரு கணம் தலையைத் திருப்பினான். அவள் சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் அத்தனை பேர் முன்னாலும் அவன் மானம் போகும் என்பதற்காக அவள் பேசாமல் இருக்கவில்லை. அப்படி இருந்தாலாவது கொஞ்சம் பரவாயில்லை. சீக்கு பிடித்தவன் பெண்டாட்டி என்று அந்தச் சின்னப் பெண்கள் தன்னை ஏற இறங்கப் பார்ப்பார்களே என்பதற்காகத்தான் இருந்தாள்.

படுக்கை கொடுத்தார்கள். டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். "இது கண்ணுல மட்டும் இருக்கிற நோய் இல்லை. உடம்புல எங்கேயோ காரணம் இருக்கு. காசநோயா இருந்தா ஒரு வைத்தியம், வேற ஏதாவதுன்னா வேற. தப்பான ஆளுக்குப் பெரிய மருந்தை ஏத்தினா உயிருக்கே ஆபத்து. டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் வரட்டும். ஆனா நாள் ஆக ஆக அடுத்த கண்ணுக்கும் இறங்கலாம். உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வந்தா உடனே சொல்லுங்க." புவனேஸ்வரி தலையை ஆட்டினாள். ஞாபகம் வருவதற்கு அது மறந்திருக்க வேண்டுமே.

மறுநாள் காலை கேன்டீனில் டீ வாங்கி வந்தாள். வீட்டிலிருந்து அவன் தன் டம்ளரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அதில் ஊற்றி நீட்டினாள். அவன் கை டம்ளருக்கு இந்தப் பக்கம் காற்றில் நின்றது.

"சன்னலைச் சாத்திட்டியா புள்ள?" என்றான்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. கட்டில் முழுவதும் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

டம்ளரைத் தரையில் வைத்தாளா போட்டாளா தெரியாது. டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினாள். வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம். "டோக்கன் வாங்கிட்டு வாங்கம்மா" என்று புஷ்பலதா மறித்தாள். அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். டாக்டரம்மா வேறொருவர் கண்ணில் விளக்கடித்துக்கொண்டிருந்தார்.

"தனியா ஒரு வார்த்த சொல்லோணுமுங்க."

"இங்கயே சொல்லுங்க, என்ன ஆச்சு?"

தனியாகக் கேட்டிருந்தால் மெதுவாகச் சொல்லியிருப்பாள். அந்த அறையில், பயிற்சி டாக்டர்கள், நோயாளி, கதவோரம் எட்டிப் பார்த்த கூட்டம் எல்லோரும் கேட்கச் சொன்னாள். எடை போடுகிற இடத்தில் ஒலித்த அதே குரல்தான்.

"இல்லைன்னு அவரு சொன்னது பொய்யிங்க. கீழ புண்ணு வருதுங்க. நேத்து நானும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தனுங்க, வாயத் தொறக்கல. இன்னிக்கு மத்தக் கண்ணும் மங்கிப்போச்சுங்க."

டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். "எத்தனை தடவை வந்தது?"

"ஒருக்கா ஐப்பசி மழையில, ஒருக்கா மாசியில. அதுக்குப் பொறவு தெரியாதுங்க. நான் கிட்டப் போறதில்லீங்க."

"முதல்ல வந்தது என்னன்னு நினைச்சீங்க?"

"அட்டைக்கடின்னு நெனச்சமுங்க. மாசியில மலையில அட்டையே இருக்காதுங்க. அப்பத்தான் அவரு பொய் சொல்றாருன்னு…"

"அட்டை இல்லாத மாசத்துலயும் தானா வந்திருக்கு. வாய்ப்புண் எப்பவாச்சும்தானா?"

"எப்பவுமேங்க. எஸ்டேட்டுல அவரு பேரே தயிர்ச்சோறுங்க."

ஒரு பயிற்சி டாக்டர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நேரே வார்டுக்கு நடந்தார். திரையை இழுத்துவிட்டுச் சென்றாயனின் பழைய தழும்புகளைப் பார்த்தார். கீழுதட்டைப் புரட்டிப் பார்த்தார். முன்கையில் மருந்து எதுவும் இல்லாத வெறும் ஊசியால் குத்தி, சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டார். நேற்று ரத்தம் எடுக்க ஊசி போட்ட இடத்தில் ஏற்கெனவே ஒரு சின்னக் கொப்புளம் கிளம்பியிருந்ததை எல்லோருக்கும் காட்டினார்.

வெளியே வந்ததும் புவனேஸ்வரி கேட்டாள். "கெட்ட சீக்குங்களா?"

"அந்த மாதிரி நோய் எல்லாத்துக்கும் நேத்தே ரத்தம் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்லை. இதுக்கு பெசெட் நோய்னு பேர். உடம்பைக் காக்க வேண்டியதே உடம்பைத் தாக்குது. வீட்டு நாய் வீட்டு ஆளையே கடிக்கிற மாதிரி. வாயில புண், மறைவுல புண், கண்ணுல வீக்கம், மூணும் சேர்ந்தாத்தான் எங்களுக்குப் பிடிபடும். யார்கிட்ட இருந்தும் ஒட்டாது, யாருக்கும் ஒட்டாது. மார்பு எக்ஸ்ரேயும் சுத்தமா இருக்கு. இன்னைக்கே மருந்தை ஏத்திடலாம்."

யாருக்கும் ஒட்டாது. அந்தத் தனித் தட்டு, தனி டம்ளர், காப்பிச் செடிமேல் காய்ந்த வேட்டி எல்லாம் அவள் கண்முன் வந்தன. சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அருவருப்பு வந்தது, தன்மேலேயே. எந்த மாசிப் புண்ணை வைத்து அவனைக் குற்றவாளி ஆக்கினாளோ அதையேதான் டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். அன்றைக்கே சண்டைக்குப் பதில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் இரண்டு கண்ணும் இருந்திருக்கும்.

குத்தின இடத்திலும் கொப்புளம் வந்தது. டாக்டரம்மா எதிர்பார்த்தது அதைத்தான்; இந்த நோய் இருக்கிற உடம்பில் வெறும் ஊசிக் குத்துக்கே கொப்புளம் கிளம்புமாம். சொட்டுச் சொட்டாக ஏற்றின ஸ்டீராய்டு மருந்தில் இடது கண் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. முதலில் ஜன்னல் கம்பி தெரிந்தது, பிறகு புஷ்பலதாவின் தொப்பி, பிறகு சுவர் எழுத்துகளில் பெரியவை, கடைசியாகச் சின்னவையும். வலது கண் திரும்பவில்லை. ரத்தக்குழாய் முழுவதும் அடைத்துப்போய்விட்டது, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரையை வருஷக்கணக்கில் நிறுத்தக் கூடாது, மூங்கில் ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் காலியாக நின்றது. ஏறி உட்காருவதற்கு முன்னால் கீழேயே நின்று, அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான்தானுங்க டாக்டரம்மாகிட்டச் சொன்னன். அத்தன பேரு முன்னால."

"தெரியும். வார்டுல எல்லாத்துக்கும் தெரியும்."

"நீங்க ஏனுங்க இல்லைன்னு சொன்னீங்க? நான் சொல்லாட்டி அந்தக் கண்ணும் போயிருக்குமுங்களே. அவ்வளவு மானமுங்களா உங்களுக்கு?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"என்ற மானமா?" என்றான். "நான் எங்கயும் போகலீன்னு எனக்குத் தெரியும் புள்ள. நீ கெட்ட சீக்குன்னே. உனக்கு நாலு வெசயம் தெரியும், சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சன். அப்ப அது எனக்கு எங்கிருந்து வந்திருக்கும்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறிற்று. இத்தனை நாளும் இவன் என்னைப் பற்றியா அப்படி நினைத்துக்கொண்டிருந்தான் என்று ஒரு கோபம் குபீரென்று வந்தது. கேட்க வாயைத் திறந்தாள்.

"அந்தம்மா கேட்டப்ப ஆமான்னு சொல்லியிருந்தா, அடுத்தது உன்னையத்தான் கேட்டிருப்பாங்க. அத்தன பேரு முன்னால" என்றான் அவன். "வேண்டாம்னு உட்டுட்டன்."

திறந்த வாய் அப்படியே நின்றது. அவனும் அவளைச் சந்தேகப்பட்டான். ஆனால் அவன் தட்டைப் பிரிக்கவில்லை. அவள் பிரித்த தட்டில் பேசாமல் சாப்பிட்டான். ஊர் முழுவதும் அவனைப் பார்த்துச் சிரித்தபோது, சிரிக்க வேண்டியது இவளைப் பார்த்துத்தான் என்று மனசுக்குள் நம்பிக்கொண்டே, ஒரு வார்த்தை வெளியே விடாமல் இருந்தான். கடைசியில் ஒரு கண் போன பிறகும், இவள் மானத்துக்காக இன்னொரு கண்ணையும் கொடுக்கப் பார்த்தான். அவளோ அதே நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதே மானத்துக்காக.



பஸ் ஏறினார்கள். டிரைவர் பக்கத்து வரிசையில் இருவர் சீட்டில் அவன் உட்கார்ந்ததும் அவள் அவனைத் தாண்டி உள்ளே போய் அவனுடைய வலது பக்கம், ஜன்னலோரம், உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவனுக்குத் தெரியாது. முகத்தை எப்படி வைத்துக்கொண்டாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் கிளம்பி ஊரைத் தாண்டிற்று. அடிவாரத்தில் முதல் கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது அவன் கழுத்தை முழுவதுமாக வளைத்து அவள் பக்கம் பார்த்தான்.

"எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து உக்காரு புள்ள" என்றான். "அங்க உக்காந்தா உன்னையத் தெரிய மாட்டேங்குது."

அவள் முகத்தைத் துடைக்கவில்லை. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் ஜன்னல் பக்கம் நகர்ந்து விட்ட இடத்தில் போய் உட்கார்ந்தாள்.